கியர் பாக்ஸுக்கு இஸ்திரி போட்ட ஞாயிறு

எங்கள் தெருவில் மழைநீர்க் கால்வாய் கட்ட வந்தவர்கள் மூன்று மூடிக் கல்லைப் போடாமலே போய்விட்டார்கள். கல் தீர்ந்துவிட்டதா, அலுத்துவிட்டதா தெரியாது. அந்த இடைவெளியில் இரண்டு நாய்கள், ஒரு கன்றுக்குட்டி, கேபிள் டிவிக்குப் பணம் வசூலிக்க வந்தவர் என்று வரிசையாக விழுந்தார்கள். ஆனால் வண்டி வைத்திருந்தவர்களுக்கு அது கும்பிடாமலே கிடைத்த வரம். வேனையோ ஆட்டோவையோ கால்வாய்க்கு இரண்டு பக்கமும் சக்கரம் வருகிற மாதிரி நிறுத்திவிட்டு உள்ளே இறங்கினால், வண்டியின் அடிவயிறு கைக்கு எட்டும். கீழ்க்கட்டளையில் ஓடிய வண்டிகளில் பாதிக்கு எங்கள் தெருவில்தான் ஆயில் மாற்றினார்கள். பிறகு நான் நெல்லூரிலும் ஹூப்ளியிலும் இன்னும் பெயர் மறந்துபோன ஊர்களிலும் எத்தனையோ வண்டிகளுக்கு அடியில் படுத்திருக்கிறேன். அவ்வளவு வசதியான பள்ளம் வேறெங்கும் அமையவில்லை.

அந்தப் பள்ளத்துக்குள் நான் முதல்முதலாக இறங்கியபோது எனக்குப் பத்து வயது. மேலே நின்றது எங்கள் வேன்.

வேனின் நிறம் வெள்ளை என்று ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருந்தது. அதை நம்ப வேண்டியிருந்தது. அப்பா அந்த வருடம் பொங்கலுக்கு முன்பே எங்களை விட்டுப் போய்விட்டார். சாகவில்லை. படப்பைப் பக்கம் இன்னொரு வீடு பார்த்துக்கொண்டார். போகும்போது சட்டை, செருப்பு, ரேடியோ, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி வரைக்கும் எடுத்துக்கொண்டவர் வேனை மட்டும் விட்டுவிட்டுப் போனார். அப்பாவுக்குப் பெரிய மனசு என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டேன். ஓடாத வேனை யார்தான் எடுத்துக்கொண்டு போவார்கள் என்று ஒருத்தி திருப்பிக் கேட்டாள். அதற்குப் பிறகு சொல்வதில்லை.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் ஏரி எங்கள் தெருவைத் தேடிக்கொண்டு வந்தது. நாங்கள் மொட்டை மாடிக்கு ஏறிக்கொண்டோம். வேனுக்கு ஏறத் தெரியாது. நான்கு நாள் வயிறு முட்டத் தண்ணீரில் நின்றது. வற்றிய பிறகு எஞ்சின் எப்படியோ உயிர் பெற்றுவிட்டது. ஆனால் கியர் மாற்றும்போதெல்லாம் உள்ளே யாரோ ஜல்லி அரைப்பது போலச் சத்தம் வந்தது. மூன்றாவது கியர் போட்டால் தானாகவே கழன்றுகொண்டது.

அம்மா கோவளம் குப்பத்தில் பிறந்தவள். கீழ்க்கட்டளையில் மீன் விற்றாள். விடியற்காலையில் கரைக்குப் போய் ஏலத்தில் எடுத்து, இரண்டு பஸ் மாறிக் கூடையைக் கொண்டுவர வேண்டும். முதல் பஸ் ஏற்றிக்கொள்ளும், இரண்டாவது பஸ் ஏற்றாது. "நீ ஏறு, கூடைய ஏத்தாத" என்பார் ஒரு கண்டக்டர். கூடை இல்லாமல் அவள் எதற்கு ஏற வேண்டும்? மூன்று பஸ் விட்டு நான்காவதில் வந்து சேரும்போது மீன் கண் சிவந்திருக்கும். சிவந்த கண் மீனை யாரும் வாங்கமாட்டார்கள். நாங்கள்தான் தின்போம். அந்த வருடம் நாங்கள் நிறைய மீன் தின்றோம்.

அதனால் அம்மா ஒரு முடிவெடுத்தாள். தாம்பரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். மீன் விற்ற கையோடு போவாள். அவள் இறங்கிய பிறகு மாஸ்டர் ஸ்டியரிங்கை எலுமிச்சம்பழத் தோலால் துடைப்பாராம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, டெஸ்டில் வண்டியை முன்னும் பின்னுமாக ஓட்டி 'எச்' போட்டு, முதல் தடவையே பாஸ் பண்ணினாள். லைசென்ஸ் வந்துவிட்டது. வேன்தான் வரவில்லை.

வேன் வருவதற்குள் பெரியப்பா வந்துவிட்டார்.

பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன். அவர்களுடையது ஊரின் பழைய குடும்பம். வயல் இருந்த இடத்தில் வரிசையாகக் கடை கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். அதனால் இடுப்பில் எப்போதும் ஒரு பெரிய சாவிக்கொத்து கலகலத்துக்கொண்டிருக்கும். அப்பா ஒரு மீன்காரியைக் கட்டிக்கொண்டதை அவர் பத்து வருடம் கழித்தும் ஒப்புக்கொள்ளவில்லை. மீன் அவருக்குச் செரிக்கும், மீன்காரிதான் செரிக்கவில்லை.

எங்கள் வாசலை ஒட்டிய தெருமுனையில், இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் பேச்சைத் தொடங்கினார். "நெலத்த வித்து வாங்குன வண்டி. தம்பி பூட்டான். வண்டி இனிமே எங்குளுதுதானே?"

"உங்க தம்பி பொண்ணும் உங்குளுதுதான். அதையும் இட்டுகினு போறீங்களா?" என்றாள் அம்மா.

"வாயி மட்டும் நல்லா ஓடுது. வண்டி ஓடலியே. இத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போற, கோழி வளக்கப் போறியா?"

"ஓட்டப் போறேன்."

பெரியப்பா சிரித்தார். இஸ்திரி போடுகிற அண்ணனைப் பார்த்து, நீயும் சிரி என்பது போலச் சிரித்தார். அந்த அண்ணன் குனிந்து ஒரு பேண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"செரி. ஞாயித்துக்கெழம சாயந்தரம் வரைக்கும் டைம். ஓடுச்சுன்னா நீயே வெச்சிக்கோ, நான் ஒரு வார்த்த கேக்கமாட்டேன். ஓடலன்னா கயிறு கட்டி இழுத்துகினு பூடுவேன். குன்றத்தூர்ல வாங்குறதுக்கு ஆளு ரெடியா கீறான்."

"அண்ணே, கேட்டுக்குங்க" என்றாள் அம்மா இஸ்திரி அண்ணனிடம். இப்படி அவர் சாட்சியானார்.

அது திங்கட்கிழமை. புதன்கிழமை மெக்கானிக் வந்தார். கியர் பாக்ஸின் பக்கவாட்டில் ஆயில் ஊற்றுவதற்கு ஒரு போல்ட் உண்டு. அதைக் கழற்றி உள்ளே ஒரு கம்பியை விட்டு எடுத்து அம்மாவிடம் காட்டினார். கம்பியின் நுனியில் பால் அதிகமான டீயைப் போல ஏதோ ஒட்டியிருந்தது.

"தண்ணி பூந்துகீதும்மா. பல்லெல்லாம் இன்னும் நல்லாத்தான் கீது. இத்த எறக்கிட்டுப் புது ஆயில் ஊத்தி, கொஞ்ச நேரம் எஞ்சின ஓடவுட்டு, அத்தயும் எறக்கிட்டு மறுபடி ஊத்து. செரியாப் பூடும்."

இறக்குவதற்கான போல்ட் அடியில் இருந்தது. மெக்கானிக் பள்ளத்தில் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு தலை மட்டும் வெளியே வந்தது.

"ஏம்மா, இது கியர் பாக்ஸா, தண்ணிக் குழாயா? எவன் இதுல சணலு சுத்தி வெள்ள பெயிண்ட் அடிச்சது?"

அம்மா மெதுவாகத் திரும்பி மாமாவைப் பார்த்தாள். மாமா மின்கம்பத்தில் இருந்த காக்கையைப் பார்த்தார்.

மாமா அம்மாவின் தம்பி. அடுக்குமாடிக் கட்டடங்களில் பிளம்பர் வேலை செய்தார். இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த போல்ட்டிலிருந்து ஆயில் சொட்டியபோது, அப்பா மெக்கானிக் செலவை மிச்சம் பிடிக்க மாமாவைக் கூப்பிட்டிருக்கிறார். மாமாவுக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். மரையில் சணலைச் சுற்றி, வெள்ளைப் பெயிண்டைத் தடவி, பலமுள்ள மட்டும் முறுக்கிவிட்டார். இனி ஒரு சொட்டு வந்தால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சவால் வேறு. மாமா பார்த்த வேலைகளிலேயே கடைசி வரை ஒழுகாதது அது ஒன்றுதான்.

"நான் கை வெக்கமாட்டேன்" என்றார் மெக்கானிக். "போல்ட்டு இரும்பு, கூடு அலுமினியம். முரட்டுத்தனமா முறுக்குனா கூடு விரிசல் வுட்டுடும். பாக்ஸக் கீழ எறக்கி வெச்சி நெதானமாத்தான் பாக்கணும். பத்து நாளாவும்."

"மேலேர்ந்து டியூப் போட்டு உறிஞ்சிடலாமே" என்றார் மாமா, குற்றத்தைக் குறைக்கிற குரலில்.

"மேல கீற ஆயிலு வரும். அடில தங்குன தண்ணியும் சேறும் எப்பிடி வரும்? நீ பேசாம இருப்பா." மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். "ஊத்துற போல்ட்டாவது வந்துச்சேன்னு சந்தோசப்படு. எப்பவுமே அத்ததான் மொதல்ல கழட்டிப் பாக்கணும். அடில எறக்கிட்டு, மேல தொறக்க வரலன்னா, நடுத்தெருதான்." போகும்போது ஒரு புது போல்ட்டையும் செம்பு வாஷரையும் ஆயில் டின்களையும் விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வராத போல்ட்டுக்கு மாற்று போல்ட் வாங்கிவைத்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா மீன் விற்கப் போய்விட்டாள். மீன்காரிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. மாமா பையோடு வந்தார். நான் டார்ச் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினேன். கோடையானதால் கால்வாய் காய்ந்திருந்தது. பழைய ஆயில் வாடையும் எலி வாடையும்தான்.

மாமா முதலில் ஸ்பேனர் போட்டார். போல்ட் அசையவில்லை, மாமாதான் அசைந்தார். அடுத்து, பிளம்பர்களுக்கே உரிய பல் வைத்த பெரிய ரெஞ்சை எடுத்தார். பல்லாவரம் சந்தையில் வாங்கியது, அதற்கு மடங்காத குழாயே கிடையாது என்றார். குழாய்க்குச் சரி. போல்ட்டின் ஆறு மூலைகளையும் அது எலி சோளத்தைக் கொறிப்பது போலக் கொறித்துவிட்டது. பதினோரு மணிக்குள் போல்ட்டின் தலை ஏறக்குறைய உருண்டையாகிவிட்டது. கோபத்தில் சுத்தியலால் இரண்டு அடி வைத்தார். அலுமினியக் கூடு 'ங்ங்' என்று முனகியது. மெக்கானிக் சொன்ன விரிசல் என் கண்ணுக்கு எங்கு பார்த்தாலும் தெரிந்தது. நல்லவேளை, எல்லாம் சிலந்தி வலை.

அம்மா ஒரு மணிக்கு மிச்ச ஐஸ் பெட்டியோடு வந்தாள். குனிந்து பார்த்தாள்.

"தடிமாடு. மூஞ்சியே இல்லாமப் பண்ணி வெச்சிகீற."

"அக்கா, நான் வேணா அவராண்ட போயி இன்னும் ரெண்டு நாளு டைம் கேட்டுப் பாக்கட்டா?"

அம்மா தெருக்குழாயில் கை கழுவினாள். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக் கழுவினாள். வேன் போய்விட்டால் மறுபடியும் கூடை, மறுபடியும் நான்காவது பஸ். அது எனக்கும் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் மறைக்கிற அளவுக்கு இடம் இல்லை.

சாயந்தரம் என்று சொன்ன பெரியப்பா இரண்டு மணிக்கே வந்துவிட்டார். கையில் புத்தம்புது மஞ்சள் நைலான் கயிறு. கூடவே இழுத்துப் போக ஒரு மினி லாரி, ஓட்டுபவரோடு.

வண்டியைப் பிடுங்க வந்தவராக இருந்தாலும் மூத்தவர் மூத்தவர்தான். அம்மா நாற்காலி எடுத்துப் போட்டாள். "பாப்பா, பெரியப்பாவுக்கு மோர் கொண்டா" என்றாள்.

உள்ளே இருந்ததே இரண்டு நல்ல எவர்சில்வர் டம்ளர். கழுவி ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்த்து வைத்ததில் இரண்டும் கவ்விக்கொண்டிருந்தன. இழுத்துப் பார்த்தேன், தரையில் தட்டிப் பார்த்தேன், பல்லாலும் கடித்துப் பார்த்தேன். பிறகு அப்படியே அம்மாவிடம் கொண்டுவந்து நீட்டினேன்.

அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. பெரியப்பாவிடம் ஏதோ பதில் சொல்லிக்கொண்டே மீன் பெட்டியிலிருந்து ஒரு துண்டு ஐஸை எடுத்து உள் டம்ளரில் போட்டாள். வெளி டம்ளரை, இஸ்திரி அண்ணன் நிமிர்த்தி வைத்திருந்த கரி இஸ்திரிப் பெட்டியின் சூடான பக்கத்தில் ஒட்டிப் பிடித்தாள். எல்லா வீட்டிலும் பெண்கள் செய்வதுதான், மற்ற வீடுகளில் வெந்நீர். அரை நிமிடம். லேசாகத் திருகினாள். 'டக்' என்று இரண்டும் பிரிந்தன.

ஒரு கையில் ஒரு டம்ளர், மறு கையில் ஒரு டம்ளர். அம்மா அப்படியே நின்றாள். பெரியப்பா பேசிக்கொண்டிருந்தார். அம்மா வேனைப் பார்த்தாள்.

"அண்ணே, பொட்டிய ஒரு பத்து நிமிசம் குடுங்க."

"இன்னாத்துக்கும்மா?" என்றார் இஸ்திரி அண்ணன்.

"வண்டிக்கு."

"வண்டிக்கா? கசங்கியா கீது?"

"டேய்" என்று மாமாவைக் கூப்பிட்டாள். "வெளி டம்ளரு சூடாவணும், உள் டம்ளரு குளிரணும். அவ்ளோதான். கூடு வெளி டம்ளரு, போல்ட்டு உள் டம்ளரு. பாப்பா, அடுப்பாண்டேர்ந்து கல்லுப்பு ஒரு கை அள்ளிக்கினு வா. உப்பு போட்டாத்தான் ஐஸுக்கு வெறி புடிக்கும்."

உப்பு போட்ட ஐஸ் எப்படிக் கடிக்கும் என்று கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி என்னிடம் கொடுத்தாள். நான் பள்ளத்தில் இறங்கி, பையை போல்ட்டின் மேல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மாமா எதிரில் இறங்கி, கரி கனன்றுகொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியை ஈரச் சாக்கால் பிடித்து, போல்ட்டுக்குப் பக்கத்தில் கூட்டின்மேல் சாய்த்து அழுத்தினார். ஒரு குழந்தையின் எடை இருக்கும் அந்தப் பெட்டி. சாம்பல் அவர் மீசையில் கொட்டியது. பழைய பெயிண்ட் சூடேறிக் கருகுகிற வாடை வந்தது.

மேலே பெரியப்பா எழுந்துவிட்டார். "பெட்ரோல் வண்டிக்கு அடில நெருப்பு வெக்கிறியே, தெருவக் கொளுத்தவா?"

அவர் சொன்னது நியாயம்தான். இஸ்திரி அண்ணன் தன் தள்ளுவண்டியை, தேய்த்த துணிகளோடு, பத்தடி தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார். பெட்டியைத் திருப்பிக் கேட்கவில்லை.

என் கைகள் முதலில் வலித்தன, பிறகு எரிந்தன, பிறகு என்னுடையவை போலவே இல்லை. எதிரில் மாமாவுக்கு வேர்த்து ஊற்றியது. இரண்டு முழத்துக்குள் அவருக்குச் சித்திரை வெயில், எனக்கு மார்கழிக் குளிர். ஐஸ் உருகி முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. அம்மா குனிந்து புதுப் பை கொடுத்தாள். மூன்று பை ஆயிற்று.

"போதும், மேல வா" என்றாள் அம்மா மாமாவிடம்.

மாமா வெளியே போகுமுன், கொஞ்சம் சிறிய வளைய ஸ்பேனர் ஒன்றை, உருண்டையாகிப் போன போல்ட் தலையில் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்கினார். அது இறுகக் கவ்விக்கொண்டது. ஸ்பேனரின் வாலில் ஆளுயரத் தண்ணீர்க் குழாயைச் செருகினார். குழாயின் மறு முனை வேனுக்கு வெளியே தெருவுக்கு நீண்டது. மாமா மேலே ஏறி அந்த முனையைப் பிடித்துக்கொண்டார். கீழே போல்ட்டின் முகத்துக்கு நேராக நான் மட்டும்.

"பின்னால தள்ளு" என்றார் பெரியப்பா. "எந்த போல்ட்டும் இடது பக்கமாத்தான் கழலும். சின்னக் கொழந்தைக்கும் தெரியும்."

மாமா வண்டியின் பின்பக்கமாகத் தள்ளத் தயாரானார். சின்னக் குழந்தையான நான் கீழிருந்து பார்த்தேன். போல்ட் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. குழாயைத் திறப்பது போலக் காற்றில் கையைத் திருப்பிப் பார்த்தேன். என் கை எஞ்சின் பக்கம், வண்டியின் முன்பக்கமாகப் போயிற்று. மறுபடியும் திருப்பினேன். மறுபடியும் எஞ்சின் பக்கம்தான். மேலே நின்று பார்ப்பவருக்கு எது இடமோ, கீழே கிடந்து பார்ப்பவருக்கு அது வலம்.

"மாமா, முன்னால! முன்னால தள்ளு!"

"ஏய், சும்மா கெட" என்றார் பெரியப்பா.

மாமாவின் கால் இரண்டும் தெரிந்தன. அவை எந்தப் பக்கமும் போகாமல் தவித்தன. தப்பான பக்கம் தள்ளினால் போல்ட் இன்னும் இறுகும், அல்லது கூடு பிளக்கும். பிறகு கயிறுதான்.

"பெரியவரு சொல்றாரேக்கா..." என்றார் மாமா.

"போல்ட்டப் பாக்குறவ அவதான்" என்றாள் அம்மா. "அவ சொல்றதக் கேளு."

மாமாவின் கால்கள் திரும்பின. குழாய் முன்பக்கமாக அசைந்து, வில்லாக வளைந்தது. ஸ்பேனர் கிரீச்சென்றது. அம்மாவின் கால்களும் வந்து மாமாவின் கால்களுக்குப் பக்கத்தில் ஊன்றிக்கொண்டன. "தள்றா" என்ற அவள் குரல் மட்டும் கேட்டது.

'டக்.'

கல் தெறித்தது போன்ற சத்தம். போல்ட்டைச் சுற்றியிருந்த வெள்ளை வளையம் பொடிந்து என் கண்ணில் விழுந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தால், போல்ட் ஒரு விரற்கடை திரும்பியிருந்தது.

"வந்துச்சு!" என்று நான் கத்திய கத்தலில் பயந்து நாற்காலியின் கீழ் படுத்திருந்த நாய் ஓடிற்று என்று பிறகு சொன்னார்கள்.

மிச்சத்தை நானே கையால் திருகினேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன். திருகத் திருகச் சணல் பிரிந்து வந்தது. கடைசிச் சுற்றில் போல்ட் என் உள்ளங்கையில் விழுந்தது, அதன் பின்னாலேயே கியர் பாக்ஸில் இருந்த அத்தனையும் விழுந்தது. டப்பா பக்கத்தில்தான் இருந்தது. அதைப் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதலில் தண்ணீர், பிறகு சேறு, பிறகு டீ நிறத்தில் ஆயில், எல்லாம் என் தலையில். அழுகிய முட்டை வாடை. எனக்கு அது அபிஷேகமாக இருந்தது. பள்ளத்திலிருந்து எழுந்து நின்றபோது தெருவே என்னைப் பார்த்து ஓவென்று கத்தியது. இஸ்திரி அண்ணன் யாருடைய சட்டையையோ எடுத்து விசிறினார்.

பிறகு எல்லாம் சுலபம். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மரையிலிருந்த சணலைச் சுத்தம் செய்தோம். புது போல்ட்டைப் போடும்போது மாமாவின் கை, பழக்கதோஷத்தில், பைக்குள் சணல் உருண்டையைத் தேடியது. அம்மா அந்தக் கையில் ஓர் அடி வைத்தாள். செம்பு வாஷர் போட்டு அளவாக முறுக்கினார். மண்ணெண்ணெய்ப் புனலில் டியூபைச் செருகி, மேல் ஓட்டை வழிகிற வரைக்கும் ஆயில் ஊற்றினோம். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மெக்கானிக் சொன்னபடி அதையும் இறக்கினோம். இரண்டாம் தடவை ஸ்பேனர் பிடித்தது நான். ஒரே இழுப்பு. இந்தத் தடவை டப்பாவையும் பிடித்தேன்.

மினி லாரிக்காரர் பார்த்தவரைக்கும் போதும் என்று போய்விட்டார். பெரியப்பா கயிற்றோடு நின்றார். மோர் அப்படியே இருந்தது. மீன் ஐஸ் போட்ட டம்ளர் எது என்று அவருக்குக் குழப்பம்.

அம்மா வேனைப் பள்ளத்திலிருந்து பின்னுக்கு எடுத்து, அவருக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினாள். "ஏறுங்க. வூட்டாண்ட வுட்டுடறேன்."

தெரு பார்த்துக்கொண்டிருந்தது. ஏறாமல் நடந்து போனாலும் அவமானம், ஏறினாலும் அவமானம். வெயிலை உத்தேசித்து அவர் ஏறினார். நானும் மாமாவும் பின்னால். முதல் கியர். இரண்டாவது. அம்மா அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே மூன்றாவதைப் போட்டாள். லேசாக உறுமியது. கழலவில்லை. கோவில் தாண்டியும் கழலவில்லை. தண்ணீர்த் தொட்டி தாண்டியும் கழலவில்லை. நேராகப் போனால் இரண்டே தெரு. அம்மா நாலு தெரு சுற்றினாள்.

வீட்டு வாசலில் இறங்கிய பெரியப்பா சொன்னார்: "மூணாவதுல இன்னும் சத்தம் கீது."

"ஆமா. ஓட ஓடப் பூடும்."

அவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். அதில் தேடி, ஒரு சாவியை மட்டும் நகத்தால் நெம்பிக் கழற்றினார். வேனின் இரண்டாவது சாவி. அது அவரிடம் இருந்தது அம்மாவுக்கே அப்போதுதான் தெரியும். ஜன்னல் வழியாக நீட்டினார். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அங்கிருந்து இருநூறடி ரோட்டுக்குப் போனோம். அப்போது அந்த ரோட்டில் இவ்வளவு கூட்டம் கிடையாது. நான் முன் ஸீட்டுக்குத் தாவி வந்துவிட்டேன். அம்மா நாலாவது கியர் போட்டாள். இரண்டு பக்கமும் சதுப்பு நிலத்துக் காற்று. என் தலை முழுக்க ஆயில், அது காற்றில் காயவே இல்லை. உலகத்தில் இனி எந்த போல்ட்டையும் நான் கழற்றிவிடுவேன் என்று இருந்தது.

"இஸ்கூலு எப்ப தொறக்குறாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"ஜூன் ஒண்ணு. ஆறாவது."

முன்னால் போன தண்ணீர் லாரியை முந்திவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்டாள்.

"நான் ஏலத்துல நிக்கசொல்ல வண்டியாண்ட ஒரு ஆளு வேணும். பொட்டிய எண்ணி ஏத்தணும், யாரும் கை வெக்காமப் பாத்துக்கணும். மூணு மணிக்கு எழுப்புனா எந்திரிப்பியா?"

"எந்திரிப்பேன்."

"தெனமும்?"

"தெனமும்."

பரிசு கொடுக்கிறாள் என்றுதான் நினைத்தேன். மூன்று மணிக்குக் கிளம்பினால் ஏலம் முடிந்து, மீனை ஏற்றி வந்து, கடை போட்டு எழுந்திருக்க மதியம் ஆகும் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூட மணி ஒன்பதுக்கு அடிக்கும் என்றும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

பின்னால் காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த மாமா, "வேணாங்க்கா" என்றார்.

அம்மா, கியர் மாற்றத் தேவையே இல்லாத இடத்தில் கியரை மாற்றினாள்.

"அக்கா, வேணாங்க்கா" என்றார் மாமா மறுபடியும்.

முன் ஸீட் தனக்கு வேண்டும் என்று அடம் பிடிக்கிறார் என்று எனக்குப் பட்டது. நான் திரும்பி, "நீ பின்னாலதான் ஒக்காரணும் மாமா. எந்தப் பக்கம் தள்றதுன்னு சொன்னது நான்தான்" என்றேன்.